பதினான்கு மீன்களில் எட்டு இறந்துவிட்டன: தொட்டியை மீண்டும் தொடங்குவது எப்படி?

மடிப்பாக்கத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மீன் வளர்ப்பில் எனக்கு இதற்கு முன் எந்த அனுபவமும் இல்லை. என் மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்காகப் பத்து நாள்களுக்கு முன் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினேன். மூடி, விளக்கு, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் சிறிய மோட்டார் ஃபில்டர், நீல நிறச் சரளைக்கல் எல்லாவற்றையும் கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். தண்ணீரை நிரப்பி, அவர் கொடுத்த நீல மருந்தில் இரண்டு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீன்களை விடலாம் என்று சொன்னார். அன்று மாலையே ஆறு கப்பி, நான்கு மோலி, இரண்டு தங்கமீன், ஓர் ஏஞ்சல், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லப்பட்ட ஒரு சக்கர் என மொத்தம் பதினான்கு மீன்களை விட்டோம்.

மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த நீரைப் போல வெளுத்தது. வீட்டுப் பெரியவர்கள் சொன்னபடி தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி, சரளைக்கல்லையும் ஃபில்டரில் இருந்த பஞ்சையும் குழாயடியில் நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். ஐந்தாம் நாள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. அதற்கடுத்த மூன்று நாள்களில் நான்கு கப்பி, ஒரு மோலி, இரண்டு தங்கமீன், ஏஞ்சல் என எட்டு மீன்கள் இறந்துவிட்டன. மகள் இப்போது தொட்டி இருக்கும் பக்கமே வருவதில்லை.

சென்னையில் உள்ள எங்கள் அடுக்ககத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் வருகிறது. அதன் டி.டி.எஸ். அளவு, அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900 என்றும், சமையலறை ஆர்.ஓ. நீரின் அளவு 60 என்றும் இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவர் அளந்து சொன்னார். மூன்றாவது மாடி என்பதால் இந்த மே மாதப் பிற்பகல்களில் கூடம் கொதிக்கிறது. இந்த நிலையில் ஹீட்டர் ஒன்றும் வாங்கும்படி கடையில் சொல்கிறார்கள். நான் எங்கே தவறினேன், மிஞ்சியிருக்கும் ஆறு மீன்களை எப்படிக் காப்பாற்றுவது, எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது, ஹீட்டர் தேவையா என்பனவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய தொட்டிக்காரர் எழுதியது:

வணக்கம். உங்கள் மீன்கள் நோயால் இறக்கவில்லை. தம்முடைய கழிவிலேயே நஞ்சேறி இறந்திருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் என் முதல் தொட்டியிலும் ஏறத்தாழ இதே நாள் கணக்கில் இதேதான் நடந்தது என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மீன் தன் செவுள்கள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீனியும் எச்சமும் அழுகும்போது அதே அம்மோனியாதான் உண்டாகிறது. ஆற்றிலும் குளத்திலும் நீரின் பரப்போடு ஒப்பிட்டால் மீன்கள் மிகக் குறைவு. அங்கே கல், மண், செடி எல்லாவற்றின் மேலும் ஒட்டி வாழும் ஒரு வகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகைப் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதன்று. வாரம் ஒருமுறை தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றினாலே அது கட்டுக்குள் இருக்கும். கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் அநேகமாக இல்லை. மற்ற பாக்டீரியாக்களைப் போல இவை மணிக்கணக்கில் பல்கிப் பெருகுவதில்லை என்பதால், போதிய அளவுக்கு வளர்ந்து நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். இதைத்தான் இத்துறையில் சைக்கிளிங் என்கிறோம். நீங்கள் கொடுத்தது ஒரு மணி நேரம்.

மூன்றாம் நாள் தண்ணீர் வெளுத்ததற்குக் காரணம், மிகுந்துபோன தீனியைத் தின்று பெருகிய வேறு பாக்டீரியாக்கள். தீனியைக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அது சில நாள்களில் தானாகவே தெளிந்திருக்கும். தண்ணீரையெல்லாம் கொட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவியபோது, அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து வெளியேற்றிவிட்டீர்கள். வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது; பாத்திரமானாலும் தொட்டியானாலும் பளிச்சென்று இருந்தால்தான் சுத்தம் என்று நாம் எல்லோருமே பழகியிருக்கிறோம்.

உங்கள் ஊர் நிலைமை இதை மேலும் கடுமையாக்கியிருக்கும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் ஒன்றுதான் செவுளை ஊடுருவிக் கொல்லும். தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஏழாக இருக்கும்போது இருக்கும் நச்சு வடிவத்தின் பங்கு, பி.எச். எட்டாகும்போது ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. வெப்பம் ஏறினாலும் அந்தப் பங்கு கூடும். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் பி.எச். எட்டையொட்டித்தான் இருக்கும். அதோடு, 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், 32 பாகையில் 7.3 மில்லிகிராம்தான் தாங்கும். அதாவது செவுள் எரிந்துபோன மீனுக்கு மூச்சுவிடவும் காற்றுக் குறைவு.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்றை, வேறு எதையும் வாங்குவதற்கு முன் வாங்குங்கள். நீல மருந்துக்கும் விளக்குக்கும் கொடுத்த பணத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் எட்டு மீன்களும் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம். நாள்தோறும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை மாற்றுங்கள். முழுவதையும் ஒருபோதும் மாற்றாதீர்கள். புதிதாக ஊற்றும் நீரின் வெப்பம் தொட்டி நீரின் வெப்பத்தோடு ஒத்திருக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் வெயில் காய்ந்த நீரை நண்பகலில் அப்படியே பிடித்து ஊற்றினால் அதுவே தனிக் கேடாகிவிடும். இரண்டு நாள்களுக்குத் தீனியே போட வேண்டாம். அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடங்களுக்குள் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். குழந்தைகளுக்கு இதுதான் மிகவும் கடினமான விதி.

நைட்ரைட் தலைகாட்டத் தொடங்கியதும் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், உங்கள் தொட்டிக்கு ஐம்பது கிராம் சமையல் உப்பை ஒரு குவளை நீரில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் நுழைவதைத் தடுக்கும். தண்ணீரை மாற்றும்போது, வெளியேறிய உப்பை மட்டும் அதே கணக்கில் ஈடு செய்யுங்கள்.

உறவிலோ அலுவலகத்திலோ நெடுநாளாக நோயின்றி நடந்துவரும் தொட்டி எவரிடமாவது இருந்தால், அவருடைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு, அதே தொட்டியின் நீரிலேயே நனைத்த பையில் வைத்துக் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். ஆறு வாரம் மூன்று வாரமாகச் சுருங்க நல்ல வாய்ப்புண்டு. புட்டியில் அடைத்து விற்கும் பாக்டீரியாக்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெயில் காயும் கிடங்கிலும் கடை அலமாரியிலும் மாதக்கணக்கில் இருந்தபின் அவற்றில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பது புட்டியைப் பார்த்துத் தெரியக்கூடியதன்று.

கிணற்றடிக்காரி எழுதியது:

மேலே சொல்லப்பட்டவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். தண்ணீரைப் பற்றியும் மீன் தேர்வைப் பற்றியும் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் கூடிவாழ முடியாத மீன்களை உங்களிடம் சேர்த்து விற்றிருக்கிறார்கள்.

தங்கமீன் வெப்பமண்டல மீனன்று. குளிர்ந்த நீரை விரும்பும் கெண்டைக் குடும்பத்து மீன். அது நிறையத் தின்று நிறையக் கழிவை வெளியேற்றும். சென்னையின் மே மாதத்தில் அதை இரண்டடித் தொட்டியில் வைத்திருப்பதே அதற்குத் துன்பம். ஏஞ்சல் தென்னமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்தது. வளர்ந்தபின் வாய்க்கு அடங்கும் கப்பிகளை விழுங்கிவிடும். சக்கர் இப்போது விரல் நீளம் இருக்கும், ஆனால் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. அது தொட்டியைச் சுத்தம் செய்கிறது என்பதைவிட, தான் தின்பதற்கு ஏற்பத் தொட்டியை அழுக்காக்குகிறது என்பதே உண்மை. அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாவம் பார்த்து ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிட வேண்டாம். இப்படி விடப்பட்டவை தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நம் மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டும் உள்நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டும் இருக்கின்றன.

மிஞ்சியிருக்கும் மோலியும் கப்பியும்தான் உண்மையில் உங்கள் தண்ணீருக்கு ஏற்றவை. மோலியின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். கழிமுகத்து உப்பு நீரிலும் அது வாழும். குட்டி போடும் மீன்களான கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்குமே உப்புகள் மிகுந்த கடின நீரை விரும்புபவை. டி.டி.எஸ். 900 சற்று அதிகம்தான். பாதி கிணற்று நீரும் பாதி ஆர்.ஓ. நீருமாகக் கலந்தால் 480 வரும், அது இவற்றுக்குப் போதும். ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றாதீர்கள், கேன் தண்ணீரும் அப்படியே. உப்புகள் அற்ற நீரில் பி.எச். நிலையாக நிற்பதில்லை, குட்டி போடும் மீன்களும் நலிந்துவிடும். நியான் டெட்ராவைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் பலர். அது மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட, 22 முதல் 26 பாகை வரை வெப்பமுள்ள நீரை விரும்பும் மீன். உங்கள் கூடத்தில் அதை வளர்ப்பதற்கு முதல் ஆண்டிலேயே முயல வேண்டாம்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிடித்தவுடன் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கும். வாளியில் பிடித்து ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் இரண்டும் சரியாகும், பி.எச். அளவும் தன் நிலைக்கு வந்துவிடும். ஆழ்துளை நீரில் குளோரின் இல்லை என்று நம்பிவிடவும் வேண்டாம். அடுக்ககங்களில் சம்ப் எனும் நிலத்தடி நீர்த்தொட்டியைக் கழுவியபின் பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விசாரிக்காமல் தண்ணீர் மாற்றி ஒரே இரவில் பதினொரு பிளாட்டிகளை இழந்தேன். அதன் பிறகு காவலாளியிடம் கேட்காமல் வாளியைத் தொடுவதில்லை. ஐயம் இருந்தால் கடைகளில் ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் படிகம் சிறிது போதும். அது குளோரினை உடனே செயலிழக்கச் செய்யும்.

ஹீட்டர் வேண்டவே வேண்டாம். மார்கழி, தை மாதங்களில்கூடச் சென்னை வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் இந்த மீன்களுக்குத் தீங்கு செய்யும் அளவுக்குக் குளிர்வதில்லை. இப்போது உங்களுக்குத் தேவை குளிர்ச்சி. மூடியைக் கழற்றி அந்த இடத்தில் வலைத்துணியைக் கட்டி, ஒரு சிறிய மேசை விசிறியை நீரின் மேற்பரப்பின் மீது சாய்வாக வீசச் செய்யுங்கள். நீர் ஆவியாவதால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியாகிக் குறைந்த நீரை ஈடு செய்ய மட்டும் ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும், ஏனென்றால் ஆவியாவது நீர்தானே தவிர உப்பன்று. கிணற்று நீரையே மேலும் மேலும் ஊற்றினால் ஒரே மாதத்தில் 900 என்பது எங்கேயோ போய்விடும்.

வேலம்பாசி எழுதியது:

மூத்தவர்கள் இருவரும் ஃபில்டரையும் சோதனைப் பெட்டியையும் பற்றியே பேசிவிட்டார்கள். எனக்கு அதில் மாறுபாடு இல்லை, ஆனால் செடிகளை ஒருவரும் சொல்லாதது குறையாகப் படுகிறது. 1850ஆம் ஆண்டில் இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மின்சாரமும் ஃபில்டரும் இல்லாத காலத்தில், இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் சில நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்து நெடுநாள் வாழச் செய்து காட்டினார். வீட்டு மீன்தொட்டியின் கதை ஒரு வகையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த வாலிஸ்நேரியாவின் இனம் நம் ஊர்க் குளங்களிலும் வளர்கிறது.

செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், பாக்டீரியாக்கள் வளரும் வரையிலான இந்த இடைக்காலத்தில் அவை மீன்களுக்குப் பெரிய துணை. அனுபவம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது வேலம்பாசி, வாலிஸ்நேரியா, ஜாவா ஃபெர்ன் ஆகிய மூன்று மட்டுமே. எந்தச் செலவும் வேண்டாம் என்றால் வாசலில் தொங்கும் மணிபிளான்டின் ஒரு கொடியை வெட்டி, வேர் மட்டும் நீருக்குள் இருக்கும்படி தொட்டியின் விளிம்பில் செருகிவையுங்கள். நைட்ரேட்டை அது குடித்துத் தீர்ப்பதை அதன் இலைகளிலேயே பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். குளத்திலிருந்து நேரே பறித்து வந்த பாசியில் தட்டானின் இளம்புழுக்கள் ஒளிந்திருக்கும், அவை கப்பிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, நாள்தோறும் அலசிய பிறகே தொட்டிக்குள் போட வேண்டும்.

தொட்டி இருக்கும் மேசையையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் அளவுக்கு விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 56 லிட்டர். கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் முக்கால் குவிண்டாலுக்கு அருகில் வந்துவிடும். அடியில் தெர்மோகோல் பலகை இல்லையென்றால் மேசையின் சிறு மேடுபள்ளமே கண்ணாடியில் விரிசலை உண்டாக்கும். மின்கம்பி தொட்டியிலிருந்து நேரே பிளக்குக்கு ஏறக் கூடாது. ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலே ஏறினால், கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலிருந்து தரையில் சொட்டும். தண்ணீருக்குள் கையை விடும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதை மகளுக்கும் சொல்லிவையுங்கள்.

மடிப்பாக்கத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சோதனைப் பெட்டியைக் கொளத்தூர்ச் சந்தையில் வாங்கிவந்தேன். முதல் அளவிலேயே அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று காட்டியது, நைட்ரைட் சுழியம். பி.எச். 8.2. உடனே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். அலுவலக நண்பர் ஒருவர் மூன்று ஆண்டுகளாகத் தொட்டி வைத்திருப்பது இப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அவருடைய பஞ்சில் பாதி என் ஃபில்டருக்குள் வந்துவிட்டது. அது கரும்பழுப்பாக, சேறு போல இருக்கிறது. அதைப் பிழிந்துவிடலாமா, அப்படியே விடலாமா? எங்கள் பகுதியில் இரவில் மின்தடை அடிக்கடி வருகிறது, அப்போது என்ன செய்வது?

பழைய தொட்டிக்காரர் எழுதியது:

அந்தச் சேறுதான் உங்களுக்குக் கிடைத்த செல்வம், அப்படியே விடுங்கள். பிற்காலத்தில் நீரோட்டம் குறைந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் ஊற்றி அதிலே இரண்டு முறை அழுத்தி எடுத்தால் போதும். குழாய் நீர் அதன்மேல் படவே கூடாது.

மின்தடைக்கு, ஐந்து வாட்டுக்கும் குறைவாக எடுக்கும் சிறிய ஏர் பம்ப் ஒன்றையும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றையும் சேர்த்து மாட்டி, அதை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் செருகிவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் பம்ப் இருக்கிறது. அதுவும் இல்லாத இரவில், ஒரு குவளையால் நீரை மொண்டு அரையடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நானும் பல இரவுகள் கொசுவோடு உட்கார்ந்து ஊற்றியிருக்கிறேன். மின்சாரம் பல மணி நேரம் நின்றுவிட்டால், மோட்டார் ஃபில்டரைத் திறந்து அதற்குள் தேங்கிய நீரை வெளியே கொட்டிவிட்டு ஓட விடுங்கள். காற்றில்லாமல் அழுகிய அந்த நீர் மொத்தமாகத் தொட்டிக்குள் வந்தால் மீன்களுக்கு ஆகாது.

மடிப்பாக்கத்தான் எழுதியது (நான்கு வாரங்களுக்குப் பிறகு):

வணக்கம். நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். பஞ்சை வைத்த ஐந்தாம் நாளிலிருந்து அம்மோனியா இறங்கத் தொடங்கியது. அதே நேரத்தில் நைட்ரைட் ஏறி, பத்தாம் நாள் சோதனைக் குழாய் அடர்ந்த ஊதாவாகிவிட்டது. உப்பைக் கரைத்து ஊற்றினேன், நாள்தோறும் நீரை மாற்றினேன். அந்த வாரத்தில் ஒரு கப்பி இறந்துவிட்டது. சக்கரை ஏற்கெனவே வேறொரு கடையில் கொடுத்துவிட்டேன், பணம் எதுவும் தரவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டார்கள். இருபத்துமூன்றாம் நாள் முதல் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம், நைட்ரேட் 20. விசிறி வைத்தபின் தண்ணீர் 30 பாகையைத் தாண்டவில்லை.

நேற்றுக் காலை என் மகள்தான் முதலில் பார்த்தாள்: வேலம்பாசிக்குள் கண்ணும் வாலும் மட்டுமான குஞ்சுகள். எண்ணிப் பார்த்ததில் பதினேழு, மாலையில் பதினான்கு. தாய் மோலியே தின்கிறது போலும். இவற்றைத் தனியே எடுக்க வேண்டுமா? இனிப் புதிதாக எத்தனை மீன்கள் வாங்கலாம்?

கிணற்றடிக்காரி எழுதியது:

தனியே எடுக்க வேண்டாம், பாசியை இன்னும் ஒரு பிடி போடுங்கள். ஒளிய இடம் இருந்தால் ஆறேழு தப்பிவிடும், உங்கள் தொட்டிக்கு அதுவே மிகுதி. பொடித்த தீனியை ஒரு நாளைக்கு மூன்று முறை, விரல் நுனியில் ஒட்டும் அளவு மட்டும் போடுங்கள். அந்த வேலையை மகளிடம் கொடுங்கள், அளவை மட்டும் நீங்கள் பாருங்கள். புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். மோலி ஒரு முறை சினைப்பட்டால் ஆணே இல்லாமலும் மாதம் ஒருமுறை வீதம் பல மாதங்களுக்குக் குட்டி போடும். அடுத்த ஈற்றுக்குள் இப்போது தப்பியவற்றை வாங்கிக்கொள்ள அந்த அலுவலக நண்பரிடம் இன்றே சொல்லிவைப்பது நல்லது.